சைக்கிள் பேரிங், சஸ்பென்ஷன் பராமரிப்பு: ஆட்டம் பார்ப்பதில் தொடங்கி ஆயில் மாற்றுவது வரை

சைக்கிளில் கரகரவென்று சத்தம் வர ஆரம்பித்ததும் பலர் முதலில் செய்வது செராமிக் பேரிங் என்ன விலை, புது ஃபோர்க் (முன் வீலைப் பிடித்திருக்கும் கவட்டை) என்ன விலை என்று தேடுவதுதான். கொஞ்சம் பொறுங்கள். பேரிங்கும் சஸ்பென்ஷனும் சீக்கிரம் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும்: தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரும் மண்ணும் உள்ளே போயிருக்கும், கிரீஸும் ஆயிலும் காய்ந்தோ கரைந்தோ போயிருக்கும். அதைக் கவனிக்காமல் எவ்வளவு உயர்ந்த பொருளை மாட்டினாலும் சில மாதங்களில் அதே நிலைமைக்குத்தான் வந்து நிற்கும். அதனால் இங்கே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள். கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது, சுத்தம் செய்து கிரீஸ் போடுவது, ஆட்டம் இல்லாமல் செட் செய்வது, கடைசியாகத்தான் அப்கிரேட்.

கோளாறு எங்கே?

வீலில் இருந்து தொடங்குங்கள். ரிம்மைப் பிடித்து இடவலமாக ஆட்டிப் பாருங்கள், டக் டக் என்று ஆடினால் ஹப் பேரிங் லூஸாக இருக்கிறது அல்லது தேய்ந்துவிட்டது. அப்புறம் வீலைக் கழற்றி ஆக்ஸிலை இரண்டு விரலால் மெதுவாகச் சுற்றுங்கள். வழுக்கிக்கொண்டு சுற்றினால் நல்லது. மணல் அரைபடுவதுபோல் இருந்தால் உள்ளே அழுக்கு, ஒவ்வொரு இடத்திலும் நின்று நின்று போனால் குண்டு ஓடும் தடத்தில் குழி விழுந்திருக்கிறது. அழுக்கை எடுத்துவிடலாம், குழியை எடுக்க முடியாது.

ஃபோர்க் ஃபிரேமுக்குள் திரும்பும் இடத்தில் உள்ள ஹெட்செட்டுக்கு, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசைக்கச் சொல்வார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு: டிஸ்க் பிரேக் பேடும் ஃபோர்க்குக்குள் இருக்கும் புஷ்ஷும் (வழுக்கிச் செல்ல உதவும் வளையம்) இயல்பாகவே கொஞ்சம் அசையும், அதை ஹெட்செட் ஆட்டம் என்று நினைத்துவிடுவோம். ஹேண்டில்பாரை 90 டிகிரி திருப்பி வைத்து, ஹெட்செட் ஃபிரேமோடு சேரும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு ஆட்டினால் இந்தக் குழப்பம் இருக்காது. முன் வீலைத் தூக்கிப் பிடித்து ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நேராக வரும் இடத்தில் மட்டும் அது தானாகப் போய் உட்கார்ந்தால், அந்த ஹெட்செட் பேரிங்கின் ஆயுள் முடிந்துவிட்டது.

கிராங்க் சுற்றும் இடமான பாட்டம் பிராக்கெட்டுக்கு கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். இரண்டு கிராங்கும் சேர்ந்து அசைந்தால் பேரிங், ஒன்று மட்டும் அசைந்தால் அந்த கிராங்கின் போல்ட் லூஸ். பின் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளில் சீட்டைப் பிடித்து மெல்லத் தூக்கினால், ஆட்டம் இருந்தால் வீல் தரையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே ஒரு சின்ன டக் கேட்கும் அல்லது கையில் தெரியும். ஷாக் மாட்டியிருக்கும் இரண்டு முனைகள், ஃபிரேமின் அசையும் மூட்டுகளான பிவட்டுகள் என ஒவ்வொரு இணைப்பிலும் விரலை வைத்து இதைத் திரும்பச் செய்தால் ஆட்டம் எங்கே என்று கிடைத்துவிடும்.

கப், கோன், குண்டு

1869-இல் பாரிஸ் மெக்கானிக் ஜூல் சுரிரே சைக்கிளுக்கான பால் பேரிங்குக்கு காப்புரிமை வாங்கினார். அதே ஆண்டு நடந்த பாரிஸ்–ருவான் பந்தயத்தில் ஜேம்ஸ் மூர் அந்தப் பேரிங் பொருத்திய வண்டியில் ஓட்டி ஜெயித்தார். இன்றைய கப்-கோன் ஹப்பைத் திறந்தாலும் அடிப்படை அதேதான்: ஹப்புக்குள் ஒரு கப், ஆக்ஸிலில் மரையோடு ஏறும் ஒரு கோன், நடுவில் தனித்தனியான குண்டுகள். எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு இது, ஏனென்றால் சின்ன ஸ்பேனர் இருந்தால் போதும், முழுவதையும் பிரித்துப் புதுசுபோல ஆக்கிவிடலாம்.

கோன் ஸ்பேனர் என்று மெல்லிசாக இருக்கும் ஸ்பேனர் வேண்டும், முன் ஹப்புக்கு பெரும்பாலும் 13 மி.மீ., பின் ஹப்புக்கு 15 மி.மீ. சாதாரண ஸ்பேனர் தடிமனாக இருப்பதால் அந்த இடத்தில் நுழையாது. பின் வீலில் பல்சக்கரம் இல்லாத இடது பக்கத்தை மட்டும் கழற்றுங்கள். வலது பக்கத்து லாக் நட்டைத் தொடாமல் விட்டால் ஆக்ஸில் திரும்ப அதே இடத்தில் வந்து உட்காரும். கீழே ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள், குண்டுகள் உருண்டு போகும். எந்தப் பக்கம் எத்தனை குண்டு என்று எண்ணி வையுங்கள்: பின் ஹப்பில் வழக்கமாகப் பக்கத்துக்கு 9, அளவு கால் அங்குலம், முன் ஹப்பில் பெரும்பாலும் 3/16 அங்குலம், பக்கத்துக்கு 10. உங்கள் ஹப்பில் வேறு எண்ணிக்கை இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் அல்லது டிகிரீஸரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, கோனை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். குண்டு ஓடிய தடம் பளபளவென்று ஒரே கோடாக இருந்தால் சரி. அதில் புள்ளி புள்ளியாகப் பெயர்ந்திருந்தால் கோனை மாற்றிவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். கோனைத் தனியாக வாங்கலாம், கப் ஹப்போடு ஒட்டியது, பல ஹப்களில் அதை மாற்றவே முடியாது. கெட்ட கோனோடு ஓட்டினால் அடுத்துக் கெடுவது கப்தான். குண்டுகளை மட்டும் எப்படி இருந்தாலும் மொத்தமாக மாற்றுங்கள். பழைய குண்டுகளுக்கு நடுவே ஒன்றிரண்டு புதுசு போட்டால், தேயாத அந்தக் குண்டுதான் முழுப் பாரத்தையும் தாங்கித் தடத்தைக் குத்தும்.

கப்பில் தாராளமாக கிரீஸ் தடவி, குண்டுகளை அதில் பதித்து, ஆக்ஸிலை நுழைத்து, கோனைக் கையால் இறுக்குங்கள். இனிதான் முக்கியமான வேலை. குயிக் ரிலீஸ் லீவரை மூடும்போது ஆக்ஸில் ஒரு துளி அமுங்கும், அதனால் பேரிங் இன்னும் கொஞ்சம் டைட் ஆகும். ஆகவே வீல் வெளியே இருக்கும்போது மிகச் சிறிய ஆட்டம் இருக்க வேண்டும், ஃபிரேமில் மாட்டி லீவரை மூடியதும் அது மறைந்துவிட வேண்டும். இரண்டு மூன்று தடவை கழற்றி மாட்டித்தான் இது சரியாக வரும், பொறுமையாகச் செய்யுங்கள். நட் போட்டு இறுக்கும் கெட்டி ஆக்ஸில் என்றால் ஆரம்பத்திலேயே ஆட்டமில்லாமல் செட் செய்துவிடலாம்.

கார்ட்ரிட்ஜ் பேரிங்

வளையமும் குண்டும் சீலும் சேர்ந்து ஒரே துண்டாக வரும் பேரிங் இது, இப்போதைய ஹப்களில் அதிகம் வருவது இதுதான். சீல் மேலேயே ஒரு எண் இருக்கும், வாங்கும்போது அந்த எண்தான் வேண்டும், சைக்கிள் கம்பெனியின் பெயர் தேவையில்லை. 6902 என்றால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, அகலம் 7 மி.மீ. 6802 என்றால் 15, 24, 5. 6903 என்றால் 17, 30, 7. எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்று இருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர் சீல், இசட்இசட் என்றால் உலோக மூடி. உலோக மூடி தண்ணீரைத் தடுக்காது, சைக்கிளுக்கு ரப்பர் சீல்தான்.

ஏபிஇசி 5, 7 என்று பெரிய எண்ணைக் காட்டி விற்பார்கள். அந்த எண் அளவுத் துல்லியத்தை மட்டும்தான் சொல்கிறது, எஃகின் தரம், சீலின் தரம், கிரீஸ் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகும்போதுகூட சைக்கிள் வீல் நிமிடத்துக்கு ஏறக்குறைய 230 சுற்றுதான் சுற்றும், ஆயிரக்கணக்கில் சுற்றும் மோட்டாருக்குத் தேவைப்படும் துல்லியம் இங்கே பெரிய வித்தியாசம் காட்டாது. பெயருள்ள பேரிங் தயாரிப்பாளரின் சாதாரண ரப்பர் சீல் பேரிங் வாங்கினால் போதும்.

பேரிங் லேசாக கரகரத்தால் உடனே பிடுங்கி எறிய வேண்டியதில்லை. ஹப்பிலேயே வைத்து, மெல்லிய பிளேடால் சீலின் விளிம்பை மடங்காமல் நெம்பி எடுத்து, பழைய கிரீஸைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, தண்ணீரில் கரையாத கிரீஸை நிரப்பி, சீலை விரலால் அழுத்தி மூடிவிடலாம். கழுவிய பிறகும் சொரசொரப்பு இருந்தால்தான் மாற்ற வேண்டும்.

கழற்றும்போது உள் வளையத்தில்தான் தட்டுவோம், அந்த அடி குண்டுகள் வழியாகத் தடத்துக்குப் போகும். அதனால் ஒருமுறை தட்டிக் கழற்றிய பேரிங்கைத் திரும்ப மாட்டாதீர்கள். புதுசை ஏற்றும்போது விதி இதுதான்: ஹப்புக்குள் ஏற்றினால் வெளி வளையத்தில் மட்டும் அழுத்தம், ஆக்ஸில் மேல் ஏற்றினால் உள் வளையத்தில் மட்டும். மரை போட்ட நீளக் கம்பி, இரண்டு நட், வெளி வளையத்தின் அளவுக்கு ஏற்ற வாஷர்கள் இருந்தால் வீட்டிலேயே பிரஸ் தயார். முதல் பேரிங்கை முழுவதும் உட்காரவைத்து, ஆக்ஸிலை நுழைத்து, இரண்டாவதை ஆக்ஸில் படியைத் தொடும்வரை மட்டும் அழுத்துங்கள். அதற்கு மேல் அழுத்தினால் இரண்டு பேரிங்கும் பக்கவாட்டில் நெருக்கப்பட்டு, புதுசாக இருந்தும் கனமாகச் சுற்றும். பேரிங் விரலால் தள்ளினாலே உள்ளே போய்விட்டால் ஹப்பின் துளை தேய்ந்திருக்கிறது, லாக்டைட் 641 போன்ற பேரிங் ஒட்டும் திரவம் அதற்கு உதவும்.

பின் பல்சக்கரங்கள் மாட்டும் ஃப்ரீஹப்பைத் திறந்தால் ஒரு எச்சரிக்கை. அதன் பால் (pawl) எனப்படும் சின்னக் கொக்கிகளில் கெட்டியான கிரீஸ் தடவாதீர்கள். கொக்கி ஒட்டிக்கொண்டு பல்லில் மாட்டாமல் போனால், எழுந்து நின்று மிதிக்கும்போது பெடல் சட்டென்று வழுக்கும், விழுந்துவிடுவீர்கள். அதற்கென்றே வரும் இலேசான கிரீஸோ ஆயிலோ மெல்லிசாகப் போதும்.

ஹெட்செட், பாட்டம் பிராக்கெட், பெடல்

ஹெட்செட்டில் மேல் மூடியின் போல்ட் ஃபோர்க்கைப் பிடித்து வைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது ஆட்டத்தை எடுப்பதற்கு மட்டும்தான், பிடிப்பது ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் ஸ்டெம்மின் பக்கவாட்டுப் போல்ட்கள். முதலில் ஸ்டெம் போல்ட்களை லூஸ் செய்து, மேல் போல்ட்டை ஆட்டம் மறையும் வரை மட்டும் இறுக்கி, ஸ்டெம்மை நேராக்கி, அதன் மேல் அச்சிட்டிருக்கும் டார்க்குக்கு (இறுக்க வேண்டிய அளவு) இறுக்குங்கள், பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும். புது பேரிங் வாங்கும்போது விட்டத்தோடு கோணத்தையும் பாருங்கள், 36×45, 45×45 என்று பேரிங் மேலேயே இருக்கும். கோணம் மாறினால் எவ்வளவு இறுக்கினாலும் ஆட்டம் போகாது. கீழ் பேரிங்தான் முன் வீல் வாரியிறைக்கும் சேற்றை வாங்குகிறது, அங்கே சுற்றிலும் கிரீஸ் தாராளமாகப் போடுங்கள்.

பாட்டம் பிராக்கெட்டில் மரையின் திசை முக்கியம். இங்கிலீஷ் மரை என்றால் வலது பக்கக் கப் இடமரை, அதாவது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் இறுகும். இத்தாலிய மரையில் இரண்டு பக்கமும் சாதாரண மரை. பெடலில் இடது பெடல்தான் இடமரை. திசை தெரியாமல் பலம் கொடுத்தால் ஃபிரேமின் மரையே போய்விடும். மரை இல்லாமல் அழுத்திப் பொருத்தும் பிரஸ்ஃபிட் பாட்டம் பிராக்கெட் கீச்சிட்டுக்கொண்டே இருந்தால், இரண்டு கப்பும் நடுவில் ஒன்றோடொன்று மரையில் இறுகும் வகைக்கு மாறுவது உண்மையிலேயே பயனுள்ள அப்கிரேட்.

செராமிக் வாங்கலாமா?

ஹைப்ரிட் செராமிக் என்றால் குண்டு மட்டும் சிலிக்கான் நைட்ரைடு, வளையம் எஃகுதான். குண்டு துருப்பிடிக்காது, வளையம் பிடிக்கும். அழுக்கு உள்ளே போனால் கடினமான குண்டு மென்மையான எஃகுத் தடத்தை இன்னும் வேகமாகத் தின்னும். சுழலும்போது வரும் இழுவையில் பெரும்பங்கு சீலும் கிரீஸும் தருவது, குண்டின் பொருள் தரும் லாபம் மிகச் சிறியது. நொடிகளுக்காகப் பந்தயம் ஓட்டி, அடிக்கடி பிரித்துச் சுத்தம் செய்பவருக்கு அதில் பொருள் இருக்கிறது. மழையிலும் மண்ணிலும் ஓட்டுபவருக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான், அந்தப் பணத்தை நல்ல சீல் உள்ள எஃகுப் பேரிங்கிலும் சஸ்பென்ஷன் சர்வீஸிலும் போடுங்கள்.

பின் பிவட்டுகள்

பிவட் பேரிங் முழுச் சுற்று சுற்றுவதே இல்லை, சில டிகிரி முன்னும் பின்னும் அசைகிறது, அவ்வளவுதான். அதே குண்டு அதே இடத்தையே அடித்துக்கொண்டிருக்கும், கிரீஸும் பரவாது, தண்ணீர் புகுந்தால் அங்கேயே தங்கித் துருவாகும். அதனால் இங்கே மாற்ற வேண்டிய பேரிங் மேக்ஸ் எனப்படும் வகை: குண்டுகளைப் பிரிக்கும் கேஜ் இல்லாமல், இடம் முழுக்க குண்டாக நிரப்பியது, அதிக பாரம் தாங்கும். மாட்டும் முன் சீலைத் திறந்து கிரீஸை முழுவதுமாக நிரப்புங்கள், மெதுவாக அசையும் இடம் என்பதால் கிரீஸ் அதிகமானாலும் பாதகமில்லை.

ஷாக்கைக் கழற்றிவிட்டுப் பின் பாகத்தைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பார்த்தால் எல்லா பிவட்டுகளின் நிலையும் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். பேரிங்கைச் சுத்தியலால் அடித்து எடுக்க வேண்டாம், கார்பன் ஃபிரேமில் கண்டிப்பாக வேண்டாம். மரைக் கம்பியும் பேரிங் அளவுக்கு ஏற்ற கப்பும் வைத்து இழுத்து எடுங்கள். திரும்ப மாட்டும்போது போல்ட் மரையில் அது லூஸாகாமல் பிடிக்கும் நீல நிற லாக்டைட், ஃபிரேம் கையேட்டில் உள்ள டார்க்.

சஸ்பென்ஷன்: பிரிப்பதற்கு முன் செட்டிங்

ஃபோர்க் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பலருக்கு உண்மையில் காற்றழுத்தம்தான் தவறாக இருக்கும். வழக்கமாக ஓட்டும் உடையிலும் பையோடும் சைக்கிளில் ஏறி, சுவரைப் பிடித்து நின்று, ஸ்டான்ஷனில் (ஃபோர்க்கின் பளபளப்பான மேல் குழாய்) உள்ள ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளி, குலுக்காமல் இறங்குங்கள். வளையம் நகர்ந்த தூரம்தான் சாக். ஃபோர்க்குக்கு 15 முதல் 20 சதவீதம், பின் ஷாக்குக்கு 25 முதல் 30 சதவீதம் என்று தொடங்கலாம். 140 மி.மீ. டிராவல் (அமுங்கும் முழுத் தூரம்) உள்ள ஃபோர்க்கில் 20 சதவீதம் என்றால் 28 மி.மீ. பின் ஷாக்கில் வீலின் டிராவலை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், ஷாக் தண்டு அமுங்கும் தூரமான ஸ்ட்ரோக்கை வைத்துப் போடுங்கள்: 55 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 30 சதவீதம் 16.5 மி.மீ.

காற்று ஏற்றும்போது இடையிடையே நிறுத்தி, கையால் பலமுறை மெதுவாக அமுக்கிவிடுங்கள். உள்ளே இருக்கும் நெகட்டிவ் அறைக்கும் காற்று போய்ச் சமமாக வேண்டும், இல்லாவிட்டால் மீட்டர் ஒன்று காட்டும், ஃபோர்க் வேறு மாதிரி நடந்துகொள்ளும். பம்பைக் கழற்றும்போது வரும் உஸ் சத்தம் பெரும்பாலும் குழாயில் இருக்கும் காற்றுதான், பயப்பட வேண்டாம். சாக் சரியான பிறகே ரீபவுண்டுக்கு (அமுங்கியது திரும்பி வரும் வேகம்) வாருங்கள். அதன் குமிழை முழுக்க மூடி, அங்கிருந்து எத்தனை கிளிக் என்று எண்ணி எழுதி வையுங்கள். அழுத்தம் கூடினால் ரீபவுண்டை மெதுவாக்க வேண்டியிருக்கும்.

ஃபோர்க் லோயர் சர்வீஸ்

லோயர் என்பது ஸ்டான்ஷன் மேல் ஏறி இறங்கும் ஃபோர்க்கின் கீழ்ப்பகுதி. வீட்டில் செய்யக்கூடிய வேலைகளில் பலன் மிக அதிகமாகத் தெரிவது இதுதான். ஃபோர்க் தயாரிப்பாளர்களில் ராக்‌ஷாக்ஸ் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை லோயர் சர்வீஸ் என்கிறது, ஃபாக்ஸ் 125 மணி நேரம் அல்லது ஆண்டுக்கு ஒருமுறை என்கிறது. சேற்றில் ஓட்டினால் அதற்கு முன்பே செய்யுங்கள். உங்கள் மாடலின் கையேட்டைத் தரவிறக்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஆயில் வகை, ஒவ்வொரு காலுக்கும் எத்தனை மி.லி., போல்ட் டார்க் மூன்றும் அதில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

வீலையும் பிரேக் கேலிப்பரையும் கழற்றி, டிஸ்க்கையும் பேடையும் ஆயில் படாத தூரத்தில் வையுங்கள். இப்போதைய காற்றழுத்தத்தையும் கிளிக் எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டு, காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள். காற்று இருக்கும்போது எந்தப் போல்ட்டையும் தொடக்கூடாது. ரீபவுண்ட் குமிழை எடுத்து, அடிப் போல்ட்களை மூன்று நான்கு சுற்று மட்டும் லூஸ் செய்து, பிளாஸ்டிக் சுத்தியலால் போல்ட் தலையில் தட்டினால் உள்ளே இருக்கும் தண்டு விடுபடும். கீழே தட்டு வைத்து, போல்ட்களை முழுவதும் கழற்றி, லோயரை நேராக இழுத்து எடுங்கள்.

வரும் ஆயிலைக் கவனமாகப் பாருங்கள், அதில் நிறைய தெரியும். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கறுத்துச் சாம்பலாக இருந்தால் தேய்மானம். அசைவின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டாம்பர் இருக்கும் காலில் நாம் ஊற்றியதைவிட மிக அதிகமாக ஆயில் வந்தால் டாம்பர் சீல் கசிகிறது, அது பெரிய சர்வீஸுக்குப் போக வேண்டிய ஃபோர்க்.

நூல் விடாத துணியை ஒரு குச்சியில் சுற்றி லோயரின் உட்புறத்தைப் புஷ் வரைக்கும் துடையுங்கள். சீலுக்கு அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் வளையங்களை எடுத்துக் கழுவி, ஃபோர்க் ஆயிலில் ஊறவைத்துத் திரும்ப வையுங்கள். சீலின் உதடு வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள், எஸ்கேஎஃப் போன்ற உரசல் குறைந்த சீல்கள் உங்கள் மாடலுக்குக் கிடைத்தால் இந்தச் சமயத்திலேயே போடலாம், அப்கிரேட் என்று சொல்லத் தகுதியான விஷயம் அது. உதடுகளுக்கு நடுவே சஸ்பென்ஷனுக்கென்று வரும் கிரீஸை மெல்லிசாகத் தடவுங்கள், ஹப்புக்கு வாங்கிய கிரீஸை இங்கே பயன்படுத்த வேண்டாம், சில வகைகள் சீலை உப்பவைத்துவிடும்.

லோயரைப் பாதி தூரம் ஏற்றுங்கள், சீல் உதடு உள்ளே மடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சைக்கிளைச் சாய்த்து, அடித் துளை வழியாக ஊசி போடாத சிரிஞ்சால் அளந்த ஆயிலை விடுங்கள். அதிகம் விட்டால் நல்லது என்று நினைக்காதீர்கள், லோயருக்குள் காற்றுக்கான இடம் குறைந்து ஃபோர்க் முழு டிராவலையும் தராது. பிறகு லோயரை முழுவதும் தள்ளி, புது வாஷர் போட்டு, போல்ட்களை டார்க் ரெஞ்சால் இறுக்கி, குமிழை மாட்டி, காற்றை முன்பு சொன்னபடி நிறுத்தி நிறுத்தி ஏற்றுங்கள்.

ஸ்டான்ஷனில் கீறல் இருந்தால் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டினால் அது சீலை வெட்டும். சின்னக் கீறலில் எபாக்ஸியோ நகப்பூச்சோ நிரப்பி, காய்ந்ததும் மிக நைசான உப்புத்தாளால் சமப்படுத்தி ஓட்டலாம். ஆழமாக இருந்தால் மாற்றுவதுதான் வழி.

பின் ஷாக்கும் அடுத்த அப்கிரேடும்

ஷாக்கின் காற்று அறையான ஏர் கேனைத் திறந்து சீல் மாற்றுவது கையேட்டோடு வீட்டில் செய்யலாம். ஆனால் காற்றை வெளியேற்றிய பிறகு ஷாக் உள்ளே அமுங்கியே நின்றுவிட்டால் உடனே நிறுத்துங்கள். நெகட்டிவ் அறையில் அழுத்தம் சிக்கியிருக்கிறது, அந்த நிலையில் திருகினால் பாகம் வேகமாகத் தெறித்துக் காயப்படுத்தும். நைட்ரஜன் நிரப்பிய டாம்பர் பகுதியை அதற்கான கருவி உள்ளவரிடமே கொடுங்கள். முனைகளில் இருக்கும் புஷ்ஷை மட்டும் நீங்களே மாற்றலாம், சீட்டைத் தூக்கும்போது வந்த டக் சத்தம் பல சமயம் அதிலேயே நின்றுவிடும்.

இதற்குப் பிறகும் குறை இருந்தால், அடிக்கடி அடிவரை இடிக்கிறதா என்று பாருங்கள்: சாக் சரியாக இருந்தும் இடித்தால் ஏர் அறையில் ஒரு வால்யூம் ஸ்பேசர் (காற்றுக்கான இடத்தைக் குறைக்கும் துண்டு) கூட்டுங்கள், முழு டிராவல் கிடைக்கவே இல்லை என்றால் ஒன்றைக் குறையுங்கள். அதிலும் சரியாகாதபோதுதான் டாம்பர் மாற்றுவது, புது ஃபோர்க் வாங்குவது எல்லாம். நீளமான ஃபோர்க் போட ஆசைப்பட்டால் ஃபிரேம் தயாரிப்பாளர் எவ்வளவு நீளம் வரை அனுமதிக்கிறார் என்று முதலில் பாருங்கள். 20 மி.மீ. கூடினால் ஹெட் ஆங்கிள் (ஃபோர்க் திரும்பும் அச்சின் சாய்வு) சுமார் 1 டிகிரி சாயும், ஹெட் டியூப் மேல் வரும் விசையும் கூடும்.

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஸ்டான்ஷனையும் ஷாக் தண்டையும் மென்மையான துணியால் துடையுங்கள். உயரழுத்தத் தண்ணீரை சீல், ஹப், பாட்டம் பிராக்கெட் பக்கம் காட்டாதீர்கள், டபிள்யூடி-40-ஐ பேரிங்கிலோ ஸ்டான்ஷனிலோ அடிக்காதீர்கள், அது கிரீஸைக் கரைத்துவிடும். சர்வீஸுக்குப் பிந்தைய முதல் ஓட்டம் முடிந்ததும் பிவட் போல்ட், ஸ்டெம் போல்ட், கிராங்க் போல்ட் மூன்றையும் டார்க் ரெஞ்சால் இன்னொரு தடவை பாருங்கள். ஹெட்செட் ஆட்டத்தையும் அப்போதே திரும்பப் பாருங்கள், புது பேரிங் உட்கார்ந்த பிறகு கொஞ்சம் லூஸ் ஆவது சகஜம்தான்.